நடவு நேரத்துக் காய்ச்சல்

செப்டம்பர் 22, திங்கள். ஒரத்தநாடு பக்கம்

இந்தப் பயணத்தில் முதல் குத்து எனக்குத்தான் விழுந்தது.

சென்னையிலிருந்து வந்த இரவுப் பேருந்தில் ஏசியைக் குறைக்கச் சொல்லி நாலு பேர் கேட்டும் ஓட்டுநர் அசையவில்லை. தஞ்சாவூரில் இறங்கும்போது உடம்பு லேசாகக் கொதித்தது. பேருந்து நிலையத்தில் 20 ரூபாய்க்கு ஒரு காபி, பாதி நுரை. அதைக் குடித்துவிட்டு ஒரத்தநாட்டு பஸ் பிடித்துப் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அண்ணன் ‘வா’ என்றுகூடச் சொல்லி முடிக்கவில்லை, புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“ஒண்ணுமில்லண்ணே, பஸ்ல ஏசி.”

“மெட்ராஸ்லேருந்து வர்ற. ஏற்கெனவே ரெண்டு தடவை மலேரியா வாங்கினவ. கையக் காட்டு.”

கூடத்தில் கொலு. படிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, இடது கை மோதிர விரலில் சுருக்கென்று குத்தினார். ஒரு கண்ணாடித் துண்டில் கெட்டியாக ஒரு வட்டம், பக்கத்திலேயே மெல்லியதாக ஒரு தீற்றல். செட்டியாரும் செட்டிச்சியும் மளிகைக்கு நடுவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பதிவேட்டை எடுத்து என் பெயர், வயது, எங்கிருந்து வந்தேன் என்று எழுதினார். சொந்தத் தங்கையிடம் அப்பா பெயர் கேட்ட ஒரே அண்ணன் இவராகத்தான் இருக்கும்.

அண்ணன் சுகாதார ஆய்வாளர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். என்மேல் அவருக்கு ஒரு பழைய கோபம் உண்டு, அது நியாயமும்கூட. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போன ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்காமலே வைரல் காய்ச்சல் என்று ஐந்து நாள் ஓட்டினார்கள். ஆறாம் நாள்தான் மலேரியா என்று தெரிந்தது. வைவாக்ஸ் வகை. மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையில் காய்ச்சல் போய்விட்டது. கூடவே 14 நாளைக்கு பிரைமாகுயின் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே எனக்கு நன்றாக இருந்தது, நிறுத்திவிட்டேன். நாலு மாதம் கழித்து அதே நடுக்கம் திரும்ப வந்தது. புதிதாக எந்தக் கொசுவும் கடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லையாம். அந்தக் கிருமி ஈரலில் போய்ப் படுத்துக்கொண்டு, தோன்றியபோது எழுந்து வருமாம். அதை அங்கேயே தீர்க்கத்தான் அந்த 14 நாள்.

“நடவு நேரத்துல ஒரு வாரம் எங்கூடச் சுத்து. அப்பத்தான் உனக்கு உறைக்கும்” என்று அப்போதிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் லீவு வாய்த்தது.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இன்றைக்குக் காய்ந்த முறை. சாயங்காலம் வெயில் தணிந்ததும் அண்ணியோடு தெருவில் சுண்டல் வாங்கப் போனேன். நாலாவது வீட்டில் ஒரு அப்பாயி, 86 வயது, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மலேரியா என்றதும் அவருக்குப் புரியவில்லை. அண்ணி ‘முறைக்காய்ச்சல்’ என்றார். இடிப்பது நின்றது.

“அதை ஏன் ஆயி கேக்குற. ஒருநாள் விட்டு ஒருநாள், கடியாரம் வச்ச மாதிரி உச்சிப் பொழுதுக்கு வரும். கோணிய எடுத்து மேல போடு, பாயை எடுத்து மேல போடும்பாங்க எங்கம்மா. என்ன போட்டாலும் பல்லு கிட்டிக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டி விட்டுடும். மறுநாள் எந்திரிச்சு நான் பாட்டுக்கு ஆடு மேய்க்கப் போவேன்.”

கொய்னா (குயினைன்) மாத்திரை கசந்ததையும், தின்றால் காதுக்குள் வண்டு ரீங்கரித்ததையும் சொன்னார். பிறகு டி.டி.டி. பூச்சிமருந்து அடிக்க வந்த ஆட்கள். சட்டிபானையை எல்லாம் வாசலில் எடுத்துவைக்கச் சொல்லி, சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்களாம். “கொசு செத்துச்சோ என்னமோ, மூட்டைப்பூச்சி ஒழிஞ்சுது. அதுக்காகவே கூப்பிட்டுக் கூப்பிட்டு அடிச்சுக்குவோம்.” வாரம் தவறினாலும் பதினைந்து நாள் தவறாமல் மலேரியாக்காரர் சைக்கிளில் வந்து ‘யாருக்காவது காய்ச்சலா’ என்று கேட்டு, வாசல் சுவரில் கட்டம் போட்டு தேதி எழுதிவிட்டுப் போவாராம். அந்தச் சுவர் இப்போது இல்லை. டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

பட்டாணிச் சுண்டலில் தேங்காய் தாராளம். இந்தப் பக்கத்தில் தேங்காய்க்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய். புதாற்றங்கரை

காலை ஏழு மணிக்கே அண்ணன் வண்டியில் கிளம்பினோம், எட்டு மணிக்கு விழுந்தோம்.

குறுவை அறுவடை முடிகிற நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தகராறு. அதனால் தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் வண்டி நெல்மேல் ஏறி வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஒரு செருப்பு வார் அறுந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். முதலில் நெல் எவ்வளவு சிதறியது என்று பார்த்தார், அப்புறம் வண்டியை, அப்புறம் என்னை. ஆனால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து சொம்பு நிறைய மோரும், காயத்துக்கு மஞ்சளும், நடக்க ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வந்தன. செருப்பைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. ஊர் திரும்பும்வரை அதோடுதான் நடந்தேன்.

கல்லணைக் கால்வாயை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. புதாறு என்கிறார்கள். காவிரியும் வெண்ணாறும் கரிகாலன் காலத்துக் கணக்கு, இது 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதனால் 90 வயதிலும் புது ஆறு. ஏரியையும் மழையையும் நம்பிக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமைக்கு இதுதான் தண்ணீர் கொண்டுவந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது.

அதை ஆராய அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிலிருந்து பால் ரஸ்ஸல் என்ற மருத்துவர் வந்து, 1930களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வேலை பார்த்திருக்கிறார். வருவதற்கு முன் அவருடைய கட்டுரைகள் சிலவற்றைப் படித்திருந்தேன். அவர் பாசனத்தைக் குறை சொல்லவில்லை. ஒழுங்கில்லாத பாசனத்தைத்தான் சொன்னார். கரை போட மண் வெட்டிய குழிகளை மூடாமல் விட்டது, மதகில் கசிந்த தண்ணீர், வடிய வழியில்லாத மடை. அண்ணன் வண்டியை நிறுத்தி, கரைக்குக் கீழே கோரைக்கு நடுவே பளிங்கு மாதிரித் தெளிந்து கிடந்த ஒரு குட்டையைக் காட்டினார். 

“ரஸ்ஸல் பாத்த குழியா இருக்கலாம், போன வருஷம் ஜேசிபி வெட்டுன குழியாவும் இருக்கலாம். கொசுவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

நீளப் பிடி வைத்த வெள்ளைக் கரண்டியால் அள்ளினார். முதல் ஆறு முறை ஒன்றுமில்லை. ஏழாவதில் மூன்று புழு, நூல் துண்டு மாதிரி, தண்ணீர்ப் பரப்போடு பரப்பாக.

நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு அந்தக் கரண்டியோடே போனோம். வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்த நாற்பது பெண்கள் புளிய மரத்தடியில் கூடினார்கள். அண்ணன் இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்றில் ஊர்ச் சாக்கடையில் பிடித்தது, ஒன்றில் குட்டையில் பிடித்தது.

“இதுல எது மலேரியாக் கொசு?”

எல்லாக் கையும் சாக்கடைப் பாட்டிலுக்கு நீண்டன. நானும் சென்னையில் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருச் சாக்கடையை மூடச் சொல்லி மனு எழுதி, மாடித் தொட்டிக்கு மூடி இல்லாமல் விட்டவள் நான். சாக்கடையில் வருவது க்யூலெக்ஸ், யானைக்கால் அதன் வேலை. மலேரியாக் கொசுவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். சென்னையில் அது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும். இங்கே வாய்க்கால் ஓரத்திலும் குட்டையிலும் வயலிலும்.

“சாக்கடைப் புழு தலைகீழாத் தொங்கும். இது தண்ணி மேல மட்டமாப் படுத்துக் கிடக்கும்.”

“எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க சார்” என்றார் ஒரு அக்கா. அதற்குப் பிறகு கூட்டத்தை அடக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பாட்டிலும் நாற்பது கை மாறிவிட்டது. வளர்ந்த மலேரியாக் கொசு சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குத்திக்கொண்டு சாய்வாக நிற்கும் என்பதை அண்ணன் குனிந்து நடித்தே காட்டினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர் செய்கிற காரியமில்லை.

சாப்பாட்டுக்கு அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோறும் வாழைக்காய் வறுவலும். சாப்பிடும்போது ரஸ்ஸல் கதையில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னேன். இங்கே மலேரியாவைப் பரப்புகிற அனோஃபிலஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு, தண்ணீருக்கு ஒரு சாண்கூட இல்லாத உயரத்தில் பறந்து ஆடிக்கொண்டே முட்டையை உதிர்க்குமாம். ஆட இடம் வேண்டும். பயிர் ஒரு அடி வளர்ந்துவிட்டால் தாள் தடுக்கும், பிறகு அந்த வயலில் முட்டையிடாது. ரஸ்ஸலும் ராமச்சந்திர ராவ் என்ற அவருடைய கூட்டாளியும் திறந்த தண்ணீரில் வெறும் குச்சிகளை நட்டுவைத்து இதைச் சோதித்து, 1942இல் எழுதியிருக்கிறார்கள். நிழலைவிடக் குச்சி முக்கியமாம்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “அப்ப நட்ட வயலு முதல் சில வாரம்தான் மோசம்.”

“ஆமாம்.”

“நடவுக்கு வெளியூர் ஆளு வர்றதும் அந்த நேரந்தான்.”

வடக்கே தண்ணீர் கட்டிய சம்பா வயல்கள் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. புளிச்சோறு கொஞ்சம் காரம்.

செப்டம்பர் 24, புதன். பட்டுக்கோட்டை

அண்ணனுக்கு ஒன்றியத்தில் கூட்டம். நான் தனியாகப் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ரஸ்ஸல் தங்கிய இடத்தில் ஒரு கல், ஒரு பலகை, ஏதாவது இருக்காதா என்ற ஆசை.

முதலில் கேட்ட ஆட்டோக்காரர், “மலேரியா ஆபீசா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். அங்கே ஒருவர் நகராட்சிக்குப் போகச் சொன்னார். நகராட்சி வாசலில் டீக்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “நீங்க கும்பகோணம் போயிருக்கணும். யானைக்கால் ஆபீசு அங்கதான்” என்றார். யானைக்காலுக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் ஒருவருக்கும் மறக்கவில்லை. மலேரியாவுக்கும் பட்டுக்கோட்டைக்கும் உள்ள உறவு பட்டுக்கோட்டைக்கே தெரியவில்லை. யானைக்கால், பார்த்தால் தெரிகிற நோய். இது வந்த அடையாளமே இல்லாமல் போய்விடும், ஆளை விட்டால்.

அந்த ஆராய்ச்சியில் வாரம்தோறும் வீட்டுக்குள் பைரித்ரம் சாற்றை அடித்துக் கொசுவைக் கொன்றிருக்கிறார்கள். சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் சாறு. டி.டி.டி. வருவதற்கு முந்தைய காலம். கொசு ஒரு நோயாளியைக் கடித்தபின், கிருமி அதன் உடம்புக்குள் முற்றி அடுத்த ஆளுக்குப் போகப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் சுவரில் உட்கார்ந்த கொசுவைக் கொன்றால் போதும். நாடு முழுக்க 1953இல் தொடங்கிய மலேரியாத் திட்டத்துக்கும் இதே கணக்குத்தான். 1960களின் நடுவில் இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்று இறங்கியது, ஒழிந்தது என்று கை தளர்ந்ததும் 1976இல் 64 லட்சமாக ஏறியது. இப்போது 2030க்குள் ஒழிப்பதாகக் கெடு வைத்திருக்கிறார்கள்.

இளநீர் 40 ரூபாய். தென்னை நாட்டிலேயே 40 ரூபாயா என்று கேட்டால், “கஜா சாய்ச்ச மரம் இன்னும் எழுந்திரிக்கலைங்க” என்றார் கடைக்காரர். 2018 நவம்பர் புயலுக்கு அப்புறம் வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வருகின்றனவாம். மதியம் இரண்டு புரோட்டா, முட்டைக் குழம்பு, 70 ரூபாய். குழம்பில் முட்டையைவிட உருளைக்கிழங்கு பெரிதாக இருந்தது. திரும்புகிற பஸ்ஸில் நல்ல மழை. மண் உருகுகிற முறை தொடங்கிவிட்டது.

செப்டம்பர் 25, வியாழன். நடவு வயல்

இன்றைக்குத்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்ட காரணத்தைப் பார்த்தேன்.

மேற்கு வங்கத்திலிருந்து பதினெட்டு பேர் நடவுக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் புருலியா, ஜார்க்கண்டை ஒட்டிய மாவட்டம், அங்கெல்லாம் மலேரியா இன்னும் தீரவில்லை. ஏக்கருக்கு 4,500 ரூபாய் என்று பேச்சு. நாற்றுப் பறிப்பதிலிருந்து நடுவது வரை அவர்களே. கயிறு பிடித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுகிறார்கள், பாட்டு இல்லை, போனில் ஏதோ ஓடுகிறது. வரப்பில் நின்ற நம்மூர்ப் பெண் ஒருவர், “கை வேகந்தான். ஆனா குத்து நெருக்கமில்ல” என்று விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்குவது மோட்டார் கொட்டகையிலும் அதையொட்டிப் போட்ட கீற்றுச் சாய்ப்பிலும். கொசுவலை ஒன்றுகூட இல்லை. ராத்திரியில் வைக்கோலும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுகிறார்களாம். புகை அடங்கியதும் கொசு வரும். மலேரியாக் கொசுவுக்கு ராத்திரிதான் சாப்பாட்டு நேரம்.

மதியம் அவர்கள் சாப்பிடும்போது போனோம். சோறு, பிசைந்த உருளைக்கிழங்கில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும், ஒரு வெங்காயம். எனக்கும் ஒரு கைப்பிடி பொரி, அதே கடுகெண்ணெய் விட்டுக் கலந்து கொடுத்தார்கள். மூக்கில் ஏறியது, நன்றாகவே இருந்தது. அவர்களில் ஒருவருக்கு ஐந்து வருஷத் தமிழ் தெரியும். நாத்து, கயிறு, காசு, டீ, நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன கேட்கப் போகிறார் என்று பார்த்தேன். “ஜுரம்?” என்றார், அவ்வளவுதான். “ஜொர்! ஜொர்!” என்று மூன்று பேர் தலையாட்டி, சாய்ப்பின் மூலையைக் காட்டினார்கள். இரண்டு ஊருக்கும் அந்தச் சொல் ஒன்றாக இருந்தது.

மூலையில் இருபது வயதுப் பையன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். நேற்று நட்டானாம், முந்தாநாள் படுத்தானாம், இன்றைக்குப் படுத்திருக்கிறான். அப்பாயி சொன்ன அதே முறை. பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கித் தின்றே ஒரு வாரத்தை ஓட்டியிருக்கிறான். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை.

காய்ச்சல் இருப்பவனுக்கு மட்டும் போதாது என்று அண்ணன் பதினெட்டு பேருக்கும் ரத்தத் தடவல் எடுத்தார். நான் பெயர் எழுதினேன், பாதிப் பெயர் தப்பாகத்தான் இருக்கும். ஸ்லைடுகளை மோட்டார் கொட்டகைத் திட்டில் வரிசையாகக் காயவைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால், ஐந்து ஸ்லைடில் எறும்பு. சிவப்பெறும்பு வரிசை கட்டி ரத்தத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பையனுடையதும் அதில் ஒன்று. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் எத்தனை தடவை என்று கேட்டேன். “கேக்காத” என்றார். ஐந்து பேருக்கும் மறுபடி குத்து. மூன்று பேர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள், நாலாமவர் ஏதோ சொன்னார், அது நல்ல வார்த்தையாக இருக்க முடியாது.

டீக்கடையில் நடந்ததையும் எழுத வேண்டும். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், “இவனுங்கதான் சார் நோயக் கொண்டாந்து எறக்குறானுங்க. ஊருக்குள்ள விடவே கூடாது” என்றார். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு என்னைக் காட்டினார். “இது என் தங்கச்சி. மெட்ராஸ்லேருந்து வந்திருக்கு. ரெண்டு தடவை மலேரியா. இதையும் வெரட்டிரலாமாங்க?” பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு ஒரு வடை குடுப்பா” என்றார் கடைக்காரரிடம். எனக்கு வயது 44.

வயல்காரரிடம்தான் பெரிய பேச்சு. எட்டு வலை வாங்கிப் போடுங்கள், ஒன்று 350 ரூபாய்தான் என்றார் அண்ணன். “எட்டா? பதினஞ்சு நாள்ல போயிருவானுங்க சார்.” “கொசு போகாதே. அதுக்கப்புறம் கடிக்க உங்க வீடுதான் பக்கத்துல இருக்கு.” கடைசியில் ஆறுக்கு வந்தது. அண்ணன் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டார். எனக்கு அது பாதி வெற்றியாகத்தான் பட்டது, பதினெட்டு பேருக்கு ஆறு வலை.

செப்டம்பர் 26, வெள்ளி. ஆய்வகம், பிறகு மன்னார்குடி

ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வகம் ஒரு சின்ன அறை. சாயத் தண்ணீர் பட்டு சிங்க் நீலமாகிக் கிடந்தது. லேப் டெக்னீஷியன் தங்கச்சி எனக்கு முதலில் என் ஸ்லைடையே காட்டினார். ஒரு ஸ்லைடுக்குக் குறைந்தது நூறு இடமாவது நகர்த்திப் பார்க்க வேண்டுமாம். நான் பத்து இடம் பார்ப்பதற்குள் கண் வலித்தது. ஒன்றுமில்லை. அது வெறும் பஸ் ஏசிதான்.

அப்புறம் அந்தப் பையனுடையது. “நீலமா கிழிஞ்ச மாதிரி இருக்கும், கூட ஒரு செவப்புப் புள்ளி. தெரியுதாக்கா?” முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் எங்கு பார்த்தாலும் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குள் இருந்ததை இப்போதுதான் முகத்துக்கு முகம் பார்க்கிறேன். வைவாக்ஸ். மற்ற பதினேழும் சுத்தம்.

ஒன்பது மணிக்கு அண்ணன் மாத்திரையோடு கொட்டகைக்குப் போனால் ஆளில்லை. காலை ஆறு மணிக்கே டிராக்டரில் ஏறி மன்னார்குடிப் பக்கம் போய்விட்டார்களாம், அங்கே எட்டு ஏக்கர் அவசர நடவு. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அது வேறு மாவட்டம். அங்குள்ள ஆய்வாளருக்குப் போன் போட்டு, ஏஜெண்டுக்குப் போன் போட்டு, இடம் கண்டுபிடிக்கப் பதினொன்று. பிறகு வண்டியை எடுத்தார். வடுவூர் ஏரி தாண்டும்போது மழை பிடித்தது. புளிய மரத்தடியில் ஒதுங்கி நின்றோம், மாத்திரைப் பொட்டலம் மட்டும் அண்ணன் சட்டைக்குள் காய்ந்திருந்தது.

பையன் வயலில் நின்று நட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் வராத முறை. அந்தப் பகுதி ஆய்வாளரும் வந்துவிட்டார், இளவயதுக்காரர், அண்ணனை “சார்” என்றும் என்னை “அக்கா” என்றும் அழைத்தார். முதலில் சாப்பிட வைத்தார்கள். பிறகு குளோரோகுயின் நாலு மாத்திரையை எதிரிலேயே விழுங்கச் சொன்னார்கள். நாளைக்கு நாலு, மறுநாள் இரண்டு. பிரைமாகுயின் தினம் இரண்டு, 14 நாள். சிறுநீர் கறுப்பாகப் போனால் உடனே நிறுத்திவிட்டு போன் பண்ண வேண்டும் என்பதை ஐந்து வருஷத் தமிழில் சொல்ல முடியவில்லை. அண்ணன் கடைசியில் கடுங்காப்பி டம்ளரைக் காட்டி, மாத்திரையைக் காட்டி, கையை விரித்து நடித்தார். எல்லாருக்கும் புரிந்தது, சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கொடுக்கவே கூடாது என்பது அவர்கள் விஷயத்தில் தேவைப்படவில்லை. பதினெட்டும் ஆண்கள்.

அஞ்சாம் நாள் நன்றாக இருக்கும், அப்போதுதான் விடக்கூடாது என்று சொல்லச் சொன்னேன். “நீயே சொல்லு” என்றார் அண்ணன். என்னைக் காட்டினேன், ஐந்து விரல் காட்டினேன், மாத்திரையைத் தூக்கி எறிவதுபோலக் காட்டினேன், நடுங்கிக் காட்டினேன். பையன் சிரிக்கவில்லை. என் பெரிய ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலில் நிற்க இடமில்லை, ஐந்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வாழையிலைச் சாப்பாடு 110 ரூபாய், கத்திரிக்காய்க் கொத்சு அருமை. பெரியம்மா இரண்டு தேங்காயும் ஒரு படி குறுவை அரிசியும் கட்டிக்கொடுத்தார். இரவுப் பேருந்து. இந்த முறை போர்வை கொண்டுவந்திருந்தேன், ஏசி வேலை செய்யவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி. சென்னை

மாடித் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று, 900 ரூபாய்.

நேற்று பையனுக்கு 14ஆம் நாள். இன்று காலை அண்ணனுக்குப் போன் போட்டேன். இதற்குள் அந்தக் கூட்டம் இன்னும் இரண்டு ஊர் மாறி, இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடுகிறதாம். மூன்று ஆய்வாளர்கள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். காலி அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் அண்ணன். வந்த படத்தில் ஒரு மாத்திரை குறைச்சல் கணக்கு வந்திருக்கிறது, விசாரித்தால் வரப்பில் வைத்துப் பிரிக்கும்போது சேற்றில் விழுந்துவிட்டதாம்.

“அப்புறம்?”

“அந்த ஒண்ணைக் குடுக்க நான் இப்ப வண்டியிலதான் போயிட்டிருக்கேன். போனை வை.”